சட்டத்தின் புறத்தே: 'அவுட்லோ' என்னும் சொற்பொருள் பற்றிய ஒரு நோக்கு

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் பெயர்க்கப்படும் சொற்களுட் சில தம் பொருளில் ஒரு பகுதியை மட்டுமே கொண்டுவந்து சேர்க்கின்றன. எஞ்சிய பகுதி அம்மொழியிலேயே தங்கிவிடுகின்றது. வீட்டுப் பொருள்களையும் தொழிற் கருவிகளையும் குறிக்கும் சொற்களில் இவ்விழப்பு பெரிதன்று. பொருளைக் கண்ணாற் கண்டு குறையை நிரப்பிக்கொள்ளலாம். ஆட்சியும் சட்டமும் சார்ந்த சொற்களிலோ நிலைமை வேறு. அங்கே சொல்லில் விடுபட்டது சிந்தனையிலும் விடுபட்டுப் போகின்றது.

'அவுட்லோ' என்னும் ஆங்கிலச் சொல் இதற்குத் தக்க சான்றாகும். இன்றைய வழக்கில் அது பெயராக நிற்கும்போது சட்டத்தை மீறித் திரிபவனைக் குறிக்கும்; வினையாக நிற்கும்போது ஒன்றைச் சட்டத்தினால் தடைசெய்தலைக் குறிக்கும். தமிழில் முன்னதற்குச் 'சட்டவிரோதி' என்றும் பின்னதற்குத் 'தடைசெய்தல்' என்றும் எழுதி அமைகின்றோம். இவ்விரண்டும் பிழையான பெயர்ப்புகள் அல்ல. ஆயின், இவ்விரு பொருளும் மூன்றாவதான ஒரு பழம்பொருளின் கிளைகள் என்பதும், அப்பழம்பொருள் தமிழுக்கு வந்துசேரவில்லை என்பதும் பெரிதும் கவனிக்கப்படவில்லை. அப்பொருள் யாது, அது குறிக்கும் செயல் தமிழிலக்கியத்திலும் இலங்கை வாழ்விலும் எவ்வெப் பெயர்களுள் ஒளிந்து நிற்கின்றது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வாராய்ச்சி இங்கிலாந்தின் பழஞ்சட்டத்திற் தொடங்கி, சிலப்பதிகாரத்தின் வழியே வந்து, கொழும்பு முகத்துவாரத்துக் காளி சந்நிதியிற் சென்று சேரும்.

சொல்லின் வரலாறு

'அவுட்லோ' என்பது வட ஐரோப்பிய மொழிவழக்கிலிருந்து பழைய ஆங்கிலத்திற் புகுந்த சொல். 'அவுட்' என்பது புறம். 'லோ' என்பது சட்டம். சட்டத்தின் புறத்தே இருப்பவன் என்பதே அதன் நேர்ப்பொருள். இங்கே ஒரு வினா எழுகின்றது. அவன் தானே புறத்தே சென்றானா, அன்றிப் புறத்தே தள்ளப்பட்டானா? பழைய சட்டம் இதற்கு ஐயத்துக்கிடமின்றி விடை தருகின்றது. அவன் தள்ளப்பட்டவன்.

இடைக்கால இங்கிலாந்தில் குற்றஞ் சாட்டப்பட்ட ஒருவன் மாவட்ட மன்றின் அடுத்தடுத்த அமர்வுகளில் அழைக்கப்படுவான். அவன் தோன்றாவிடின், ஈற்றிற் 'சட்டத்துக்குப் புறத்தான்' எனத் தீர்க்கப்படுவான். அத்தீர்ப்போடு அவனுடைய நிலமும் பொருளும் பறிபோகும். அவனுக்கு உணவும் உறையுளும் அளிப்பது குற்றமாகும். தனக்கு இழைக்கப்பட்ட தீங்கைக் கூறி அவன் எந்த மன்றிலும் வழக்காட முடியாது. தொடக்க காலத்தில் அவனைக் கண்டவர் எவரும் கொல்லலாம். கொன்றவர் மீது பழியில்லை. அவன் தலையில் இருப்பது ஓநாயின் தலை என்று அக்காலச் சட்டமொழி கூறிற்று. ஓநாயைக் கொல்பவனை யாரும் விசாரிப்பதில்லையன்றோ? கொல்லும் உரிமை பிற்காலத்திற் கட்டுப்படுத்தப்பட்டதாயினும், இத்தண்டனைமுறை இங்கிலாந்தின் சட்டநூலில் நெடுங்காலம் வாழ்ந்தது. உரிமை வழக்குகளில் 1879 ஆம் ஆண்டிலும், குற்ற வழக்குகளில் 1938 ஆம் ஆண்டிலுமே அது முற்றாக நீக்கப்பட்டது.

1215 ஆம் ஆண்டின் மகா பட்டயத்தில் முப்பத்தொன்பதாம் வாசகம் ஈண்டு நினைக்கத்தக்கது. சுதந்திர மனிதன் எவனையும் சிறையிடுவதற்கும் உடைமை பறிப்பதற்கும் நாடு கடத்துவதற்கும் முன்னர் முறையான தீர்ப்பு வேண்டும் என்று அது விதித்தது. அவ்வரிசையிற் சட்டப்புறத்தாக்கலும் ஒன்றாக இடம்பெற்றுள்ளது. அதாவது, சட்டத்தின் புறத்தே தள்ளுவதற்குங்கூடச் சட்டத்தின் அகத்தே ஒரு படிமுறை வேண்டும் என்பது அரசன் மீது சுமத்தப்பட்ட கட்டுப்பாடாயிற்று. பெண்களைப் பொறுத்தவரை அக்காலச் சட்டம் வேறொரு சொல்லை ஆண்டது. ஆண்களைப் போல அவர்கள் சட்டத்துக்குள் உறுதிமொழி ஏற்றுப் புகுந்தவர்கள் அல்லர். ஆகவே அவர்களை வெளியே தள்ளுதல் இயலாது, கைவிடுதலே இயலும் என அது கருதியது. உள்ளே இடமளிக்கப்படாதவரையும் ஒரு சட்டம் தண்டிக்க வழி கண்டுகொள்ளும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

காலப்போக்கில் இச்சொல்லின் பொருள் இருவழிப் பிரிந்தது. றொபின் கூட் கதைகள் காட்டிலே வாழும் புறத்தானை ஏழைகளின் தோழனாக்கின. தள்ளப்பட்டவன் என்னும் பொருள் மங்கி, துணிந்து மீறியவன் என்னும் பொருள் ஓங்கிற்று. செயப்பாட்டுவினையிலே பிறந்த சொல் செய்வினையாயிற்று என்க. மறுபுறம், வினைச்சொல்லானது மனிதரை விட்டுப் பொருள்களையும் செயல்களையும் பற்றலாயிற்று. 1928 ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரில் உலக நாடுகள் பல போரையே சட்டத்துக்குப் புறம்பாக்கும் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டபோது, ஆங்கிலத்தில் அம்முயற்சிக்கு இச்சொல்லே வழங்கிற்று. பதினொரு ஆண்டுகளில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. போரைத் தடைசெய்வது வேறு, மனிதனைத் தடைசெய்வது வேறு. தடைசெய்யப்பட்ட போருக்கு வலியில்லை.

தடையைக் குறிக்கும் மற்றோர் ஆங்கிலச் சொல்லான 'புறொஸ்கிறைப்' என்பதன் வரலாறும் இதனையே உறுதிப்படுத்தும். அதன் இலத்தீன் மூலத்துக்கு 'எழுதிப் பொதுவில் வைத்தல்' என்பது பொருள். கி.மு. 82 இல் உரோமையிற் சுல்லா தன் பகைவரின் பெயர்களைப் பலகையில் எழுதிப் பொதுவிடத்தில் வைத்தான். பெயர் எழுதப்பட்டவரைக் கொன்றவர் பரிசு பெற்றனர். மறைத்து வைத்தவர் தண்டனை பெற்றனர். பெயரை எழுதுதல் என்னும் எளிய செயலே கொலைக்கு உத்தரவாயிற்று.

தமிழிற் பெயர்ப்பு

இனித் தமிழ் வழக்கை நோக்குவோம். 'சட்டவிரோதி', 'சட்டவிரோத நபர்', 'சட்டத்தை மீறியவர்' ஆகிய தொடர்கள் அனைத்திலும் செயலுக்கு உரியவர் அம்மனிதரே. சட்டம் அசையாது நிற்கின்றது. மனிதர் அதனை விட்டு விலகுகின்றார். சட்டமே ஒருவரை விட்டு விலகுதல் என்னும் கருத்தைச் சொல்ல இத்தொடர்களில் இடமில்லை. 'தடைசெய்தல்' என்பதும் ஒரு செயலையோ அமைப்பையோ பற்றியே வழங்குவது. அமைப்பொன்று தடைசெய்யப்படும்போது அதனோடு தொடர்புடையவராகக் கருதப்படும் மனிதருக்கு யாது நேர்கின்றது என்பதை அச்சொல் சொல்வதில்லை.

ஆயின், இச்செயலுக்குத் தமிழிற் சொல்லே இல்லை என்று துணிதல் தவறாகும். சட்டத்தமிழில் இல்லாத சொல் ஊர்த்தமிழில் உண்டு. 'ஊர்விலக்கு', 'சாதிவிலக்கு', 'தள்ளிவைத்தல்', 'ஒதுக்கிவைத்தல்' முதலியன அத்தகையன. தள்ளிவைக்கப்பட்ட குடும்பத்துக்கு ஊர்க்கிணற்று நீரில்லை. நன்மை தீமைக்கு எவரும் வாரார். துணி வெளுப்பாரும் முடி திருத்துவாரும் அவ்வீட்டுப் படியேறார். இடைக்கால ஆங்கிலேயன் கண்ட புறத்தானின் நிலை இதுவே. இதனினும் கொடியது, எக்குற்றச்சாட்டும் இன்றிப் பிறப்பினாலேயே புறத்தே வைத்தல். யாழ்ப்பாணத்திற் கோயில்களும் தேநீர்க்கடைகளும் ஒரு பகுதி மக்களுக்கு மூடப்பட்டிருந்தன. 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் அவற்றைத் திறக்க ஆணையிட்டது. இருந்தும் 1968 ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. நாட்டின் சட்டம் அப்போராட்டக்காரர் பக்கம் நின்றது. ஊரின் சட்டமோ அவர்களைப் புறத்தே நிறுத்திற்று. புறத்தாக்குதல் அரசுக்கு மட்டும் உரிய செயலன்று என்பதைத் தமிழர் தம் அனுபவத்தாலேயே அறிவர்.

இவையன்றி வேறொரு சொல்வகையும் உண்டு. அதுவே ஆராய்ச்சிக்கு மிகவும் உரியது. 'கள்வன்', 'கள்ளத்தோணி', 'துரோகி' முதலியவை இவ்வகையின. இவை பெயர்ச்சொற்கள், ஒருவனது இயல்பைக் கூறுவன போலத் தோன்றுகின்றன. உண்மையில் அவை ஒருவன் மீது பிறர் செய்யும் செயலாகும். பெயர் சூட்டப்பட்ட கணத்திலேயே அவன் விசாரணைக்கு உரியவன் என்னும் தகுதியை இழக்கின்றான். 'அவுட்லோ' என்னும் ஆங்கிலச் சொல் பெயராகவும் வினையாகவும் ஒருங்கே நிற்பதால், பெயருக்குப் பின்னே ஒரு வினை இருக்கின்றது என்பதைத் தன் வடிவத்தாலேயே நினைவூட்டுகின்றது. தமிழ்ச் சொற்களோ பெயராக மட்டும் நின்று வினையை மறைத்துவிடுகின்றன. 'கள்ளத்தோணி' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். களவாகக் கடல் கடந்து வந்த தோணியைக் குறித்த சொல் அதில் வந்த மனிதருக்காகி, பின்னர் எத்தோணியிலும் வாராத, இந்நாட்டுத் தோட்டங்களிற் பிறந்து வளர்ந்த மலையக மக்கள் மீதும் ஏவப்படும் வசையாயிற்று. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் பங்கீடு 1974 ஆம் ஆண்டுவரை காத்திருந்தது. சட்டத்தை மீறியவர் அங்கே எவருமில்லை. சட்டமே அவர்களைக் கடந்து சென்றது.

கோவலனும் கள்வன் என்னும் பெயரும்

பெயர் சூட்டலே கொலையாதலைச் சிலப்பதிகாரத்தைவிடத் தெளிவாகக் காட்டும் தமிழ் நூல் பிறிதில்லை எனலாம். கோவலன் கதை ஊழ்வினையின் கதையாகவும் பத்தினியின் கதையாகவும் பலராற் பேசப்பட்டுள்ளது. அது 'கள்வன்' என்னும் ஒரு சொல்லின் கதையுமாகும்.

பாண்டியன் தன் தேவியின் ஊடல் தீர்க்க விரைந்து செல்லும் வேளையிற் பொற்கொல்லன் வந்து, சிலம்பு திருடிய கள்வன் தன் குடிலில் இருப்பதாகக் கூறுகின்றான். அரசன் வினவவில்லை, மன்றம் கூட்டவில்லை. சிலம்பு அவன் கையில் இருப்பின் அவனைக் கொன்று சிலம்பைக் கொணருமாறு காவலரை ஏவுகின்றான். கோவலனைக் கண்ட காவலரோ தயங்குகின்றனர். இவன் முகக்குறி கள்வனுடையதன்று என்கின்றனர். காப்பியத்தில் நீதி நுழைவதற்கு இருந்த ஒரேயொரு வாயில் அத்தயக்கமே.

அவ்வாயிலைப் பொற்கொல்லன் எங்ஙனம் அடைக்கின்றான் என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. கோவலன் திருடினான் என்பதற்கு அவன் ஒரு சான்றுதானும் காட்டினானல்லன். மாறாக, கள்வர் என்னும் வகையினரைப் பற்றி விரிவுரை ஆற்றுகின்றான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டு வகைத் துணைகளைக் கொண்டு கள்வர் தொழில்செய்யும் திறத்தை எடுத்துரைக்கின்றான். முன்னே நிற்கும் மனிதனைப் பற்றிய கேள்விக்கு, வகையைப் பற்றிய பேச்சு விடையாக அளிக்கப்படுகின்றது. நல்லவன் போலத் தோன்றுவதே கள்வனின் தந்திரம் என்றாகிவிட்டால், நல்ல தோற்றமும் குற்றத்துக்குச் சான்றாகும். காவலர் இன்னும் ஐயுற்று நிற்கையிற் களிமயக்கத்திலிருந்த ஒருவன் வாளை வீசுகின்றான்.

பின்னர் அரசவையில் நிகழும் வழக்கு இன்னும் நுண்ணியது. கண்ணகி முறையிட்டபோது பாண்டியன் தரும் விடை, கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோன்மை ஆகாது என்பதே. கண்ணகி இக்கோட்பாட்டை மறுக்கவில்லை. தன் கணவன் கள்வன் அல்லன் என்பதையே நாட்டுகின்றாள். அவளது சிலம்பின் பரல் மாணிக்கம். தேவியின் சிலம்பின் பரல் முத்து. உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்த கணமே வழக்கு முடிவுறுகின்றது. அரசன் கள்வன் என்னும் பெயரைத் தன் மீதே ஏற்றுக்கொண்டு உயிர் துறக்கின்றான்.

இவ்விடத்திற் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. பரல் முத்தாகவே இருந்திருப்பின் யாது? கோவலன் உண்மையிலேயே திருடியிருந்தாலும், விசாரணையின்றி ஒரு குடிகாரனின் வாளுக்கு இரையாதல் முறையாகுமா? காப்பியம் இதனை வினவவில்லை. நிரபராதி கொல்லப்பட்டமைக்காக மதுரை எரிந்தது; குற்றவாளி அவ்வாறு கொல்லப்பட்டிருப்பின் மதுரை எரிந்திராது. சிலப்பதிகாரத்தின் நீதி, நிரபராதியைக் காக்கும் நீதி. 'அவுட்லோ' என்னும் பழஞ்சொல் எழுப்பும் வினாவோ குற்றவாளியையும் காக்கும் நீதி பற்றியது. கோவலனின் மாசின்மையில் மனம் தோயும் வாசகர், காவலரின் தயக்கமே போதுமான நீதியாக இருந்திருக்கும் என்பதை மறந்துவிடுகின்றனர்.

சட்டத்தை மீறியவனுக்கும் சட்டம் உண்டு என்பதற்கு இலங்கை வரலாற்றிலிருந்து ஓர் எதிர்ச்சான்று தரலாம். உதுவன்கந்தைச் சரதியேல் இலங்கையின் றொபின் கூட் எனப் புகழப்படுபவன். 1864 மார்ச் 21 இல் அவனைப் பிடிக்கச் சென்ற பொலிசாருள் சபான் என்பவர் சுடப்பட்டு இறந்தார். பொலிஸ் வீரர் தினம் அந்நாளிலேயே கொண்டாடப்படுகின்றது. சரதியேலும் அவன் தோழன் மம்மாலி மரிக்காரும் வழக்குத் தொடரப்பட்டுத் தீர்ப்பளிக்கப்பட்டு 1864 மே 7 இற் கண்டியிலே தூக்கிலிடப்பட்டனர். குடியேற்ற ஆட்சியின் நீதியிற் குறைகள் பலவாகலாம். எனினும் சரதியேல் நீதிமன்றத்தின் முன் நின்றான். கோவலன் நிற்கவில்லை. இக்காலப் பொருளிற் சரதியேலே அவுட்லோ. பழம்பொருளிலோ கோவலனே அவுட்லோ ஆவான்.

தடைகளின் நாடு

இலங்கையிற் 'தடை' என்னும் சொல் அரசியற் சொல்லகராதியின் நடுவிடத்தைப் பெற்றது 1978 ஆம் ஆண்டின் பின்னராகும். அவ்வாண்டில் விடுதலைப் புலிகளையும் அதையொத்த அமைப்புக்களையும் தடைசெய்யும் சட்டம் நிறைவேறிற்று. 1979 இற் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. மூன்றாண்டுக்கெனக் கொணரப்பட்ட அச்சட்டம் 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. குற்றச்சாட்டின்றிப் பதினெட்டு மாதம்வரை தடுத்துவைக்கவும், பொலிஸ் உயரதிகாரியிடம் அளிக்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கவும் அது வழிசெய்தது. 2022 ஆம் ஆண்டின் திருத்தமே அப்பதினெட்டு மாதத்தைப் பன்னிரண்டாகக் குறைத்தது. சட்டத்தின் பெயரிலே பயங்கரவாதம் தடைப்பட்டது. நடைமுறையிலோ சாதாரண சட்டத்தின் காப்புகள் ஒரு பகுதி மனிதருக்குத் தடைப்பட்டன.

1983 ஜூலை இதனை வெளிப்படையாக்கிற்று. கொழும்பிலே தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. வெலிக்கடைச் சிறையிலே ஜூலை 25 ஆந் திகதி 35 பேரும் 27 ஆந் திகதி 18 பேருமாக 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். அவர்கள் காட்டில் மறைந்திருந்தவர் அல்லர்; அரசின் பூட்டுக்குள், அரசின் காவலில் இருந்தவர்கள். சிறையின் அகத்தே இருந்தோர் சட்டத்தின் புறத்தே இருந்தனர். அக்கலவரத்தை அடுத்து அரசு தடைசெய்தது மக்கள் விடுதலை முன்னணி, நவ சமசமாஜக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி ஆகிய மூன்றையுமாகும். அங்ஙனம் தடைசெய்யப்பட்ட மக்கள் விடுதலை முன்னணியின் தலைவர் 2024 செப்டெம்பரில் நாட்டின் சனாதிபதியாகப் பதவியேற்றார். விடுதலைப் புலிகள் மீதான தடையும் 1998 ஜனவரியில் விதிக்கப்பட்டு, 2002 செப்டெம்பரில் நீக்கப்பட்டு, 2009 ஜனவரியில் மீண்டும் விதிக்கப்பட்டது. தடை என்பது ஒன்றன் இயல்பன்று, ஓர் அதிகாரம் ஒரு காலத்திற் செய்யும் செயல் என்பதற்கு இவற்றினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இப்பெயர் சூட்டலை அரசு மட்டுமே செய்தது என்று கூறி நிறுத்துவது நேர்மையாகாது. தமிழர் அரசியலில் 'துரோகி' என்னும் சொல் செய்த வேலை, இடைக்கால ஆங்கிலத்தில் 'அவுட்லோ' செய்த வேலையேயாகும். அப்பெயர் பெற்றவரைக் கொல்லலாம். கொன்றவரை எவரும் வினவார். அமிர்தலிங்கத்தின் வாழ்வு இவ்விரு புறத்தாக்கலையும் ஒருங்கே காட்டுவது. 1983 ஆகஸ்டில் நிறைவேறிய அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் பிரிவினைக் கோரிக்கையைச் சட்டப்புறம்பாக்கியது. அதன் விளைவாக எதிர்க்கட்சித் தலைவராயிருந்த அவரும் அவரது கட்சியினரும் பாராளுமன்ற ஆசனங்களை இழந்தனர். ஆறாண்டுகளின் பின், 1989 ஜூலை 13 இல், அதே அமிர்தலிங்கம் கொழும்பிலே விடுதலைப் புலிகளாற் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு சாரார்க்கு அவர் பிரிவினைவாதி, மறுசாரார்க்குத் துரோகி. இரு பெயரும் அவர் இயல்பை விளக்கியதிலும் பார்க்க, பெயரிட்டோரின் நோக்கத்தையே விளக்கின.

சட்டம் திரும்பி வந்த தருணமும் ஒன்றுண்டு. 2007 ஜூன் 7 ஆந் திகதி கொழும்பு விடுதிகளிலே தங்கியிருந்த தமிழர் முந்நூற்றுக்கு மேற்பட்டோர், தங்குவதற்குத் தக்க காரணம் இல்லாதவர்கள் எனக் கூறப்பட்டுப் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இருந்தது ஒரு வகைப்பெயர் மட்டுமே. மறுநாளே உயர் நீதிமன்றம் அந்நடவடிக்கையை நிறுத்துமாறு இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. சிலப்பதிகாரக் காவலரின் தயக்கம், இவ்விடத்தில் ஒரு நிறுவனத்தின் குரலைப் பெற்றது எனலாம்.

முகத்துவாரத்துச் சந்நிதி

நீதிமன்றம் விரைந்து பேசிய தருணங்கள் சில. பேசாத ஆண்டுகள் பல. அவ்வாண்டுகளில் மக்கள் எங்கே செல்கின்றனர் என்னும் வினாவுக்குக் களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரம் ஒரு விடை தருகின்றது. சிங்களத்தில் மோதர என வழங்கும் அவ்விடத்துக் காளி கோயில் தமிழரோடு சிங்கள பௌத்தரும் திரண்டு வழிபடும் தலமாகும். நேர்த்தி வைப்போரன்றி, தமக்கு அநீதி இழைத்தோர் மீது முறையிட வருவோரும் அங்கு உளர்.

2022 ஜனவரியில் சந்தியா எக்னெலிகொட அக்கோயிலிலே தம் தலைமுடியை மழித்துத் தேவியிடம் நீதி வேண்டினார். அவருடைய கணவரும் பத்திரிகையாளரும் கேலிச்சித்திரக் கலைஞருமான பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரி 24 ஆந் திகதி, சனாதிபதித் தேர்தலுக்கு இரு நாள்களின் முன், காணாமலாக்கப்பட்டார். சந்தியா முதலிற் சென்றது கோயிலுக்கன்று, நீதிமன்றத்துக்கே. ஆட்கொணர்வு மனுவோடு தொடங்கிய வழக்கு பல ஆண்டுகள் நீண்டது. இராணுவப் புலனாய்வுப் பிரிவைச் சேர்ந்த ஒன்பது பேர் மீது 2019 ஆம் ஆண்டிற் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டது. கணவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் நிறைவுற்ற வேளையில் அவர் காளியின் முன் நின்றார்.

பிரகீத்தின் நிலையைக் குறிக்கத் தமிழிற் சொல் யாது? அவர் சட்டவிரோதி அல்லர். எந்த நீதிமன்றமும் அவரை அவ்வாறு தீர்க்கவில்லை. தடைசெய்யப்பட்டவரும் அல்லர், அவர் பெயர் எப்பலகையிலும் எழுதப்படவில்லை. ஆயினும் அவரை அகப்படுத்தியோருக்கு அவர் ஓநாய்த்தலையராகவே இருந்தார். பழைய இங்கிலாந்து, மன்றிலே பலமுறை அழைத்த பின்னரே ஒருவரைப் புறத்தாக்கிற்று. சுல்லாவும் பெயரை எழுதியாவது வைத்தான். காணாமலாக்கல் அவ்வளவுதானும் செய்வதில்லை. அது அறிவிக்கப்படாத புறத்தாக்கல். 'காணாமற் போனார்' என்று தமிழ் நெடுங்காலம் எழுதிவந்ததும் இங்கே நினைவுகூரத்தக்கது. போனார் என்னும்போது போனவரே எழுவாய். 'காணாமலாக்கப்பட்டார்' என்று எழுதத் தொடங்கியபோதே, ஆக்கியவர் ஒருவர் உளர் என்பது இலக்கணத்தில் இடம்பெற்றது. உறவுகளைத் தேடிய தாய்மாரும் மனைவியரும் வடக்கிலும் கிழக்கிலும் தெருவில் நின்று கேட்ட கேள்வியே அவ்விகுதியைத் தமிழுக்குத் தந்தது. மொழிபெயர்ப்பாளர் செய்யத் தவறிய திருத்தம் அது.

கண்ணகி பாண்டியன் வாயிலில் நின்றபோது வாயிற்காவலன் அவளைக் கொற்றவையோடும் காளியோடும் இணைத்து எண்ணி அஞ்சினான். நீதி கேட்கும் பெண்ணைக் கண்டு தெய்வமோ என அஞ்சும் அக்காப்பியக் காட்சிக்கும், நீதி கேட்டுத் தெய்வத்திடம் செல்லும் பெண்ணுக்கும் இடையே வேறுபாடு உண்டு. கண்ணகிக்கு அன்றே, அவையிலேயே விடை கிடைத்தது; அரசன் தன் குற்றத்தை ஏற்றான். சிங்கள மக்கள் பத்தினியாகவும் தமிழர் கண்ணகியம்மனாகவும் போற்றும் அப்பெண்ணின் கதையை அறிந்த நாட்டிலே, குற்றத்தை ஏற்கும் குரல் ஒன்றுக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. காளியை நாடுதல் மூடநம்பிக்கை என்று எள்ளுவோர் உளர். சட்டம் விட்டுச்சென்ற இடத்திலேயே அச்சந்நிதி நிற்கின்றது என்பதை அவர்கள் எண்ணுதல் வேண்டும்.

முடிவுரை

இவ்வாராய்ச்சியினாற் பெறப்படுவன சில. 'அவுட்லோ' என்னும் சொல்லுக்கு ஒரே தமிழ்ச்சொல் தேடுவது பயனற்றது. சட்டத்தை மீறியவரைச் 'சட்டமீறி' என்போம். செயலையும் அமைப்பையும் பற்றித் 'தடைசெய்தல்' என்போம். ஒருவரிடமிருந்து சட்டத்தின் காப்பு பறிக்கப்படும்போது 'சட்டப்புறத்தாக்கல்' என்று தனியே கூறுவோம். இச்சொல் செவிக்கு இனிதன்று. அது குறிக்கும் செயலும் இனிதன்று. எழுவாயின்றி அதனை ஆள முடியாமையே அதன் சிறப்பு. யார் புறத்தாக்கினார், எந்த விசாரணையின் பின் என்னும் வினாக்களை அது தன்னோடு கொண்டுவரும்.

சொல்லாக்கத்தோடு பணி முடிவதில்லை. 'கள்வன்' என்றும் 'துரோகி' என்றும் 'சட்டவிரோதி' என்றும் ஒரு செய்தியிலோ கதையிலோ மேடையிலோ பெயர் சூட்டப்படும்போது, அப்பெயரை வினையாக மாற்றி வாசிக்கும் பயிற்சி இலக்கிய மாணவர்க்கு வேண்டும். பொற்கொல்லனின் விரிவுரையைக் கேட்டுத் தலையசைக்காது, எதிரே நிற்கும் முகத்தை நோக்கித் தயங்கிய காவலரின் பக்கத்தில் நிற்கக் கற்பதே அப்பயிற்சி. மதுரைக் காவலரிடம் அத்தயக்கம் இருந்தது. அதனைச் சொல்லி நிறுத்தும் சொல்தான் இருக்கவில்லை.